இடப்பக்கம் ஒன்றரை அங்குலம்

யாழ்ப்பாணத்தில் மலை இல்லாதபடியால்தான் என் கடை ஓடியது, ஐயா. கீரிமலை என்று பெயர் மட்டும் இருக்கிறது. போய்ப் பார்த்தால் கடலும் கேணியும்தான். அதனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு மலையைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவைக்க ஆசை. கலியாணப் படம் எடுக்க வருகிறவர்கள்கூட ஒரு மலையை வாங்கிக்கொண்டு போவார்கள். சீவரத்தினம் படக்கடை என்றால் மானிப்பாயில் யாரும் வழி காட்டுவார்கள்.

வருஷம் ஒருதரம், மாசி மாதத்தில், கமராப் பெட்டியோடு மலைநாட்டுக்குப் போவேன். மலையை மத்தியானத்தில் எடுக்கக் கூடாது. உச்சி வெயிலில் அது தட்டையாகக் கிடக்கும். நாலு மணிக்குப் பிறகு வெயில் சாயும்போதுதான் ஒரு மலைக்குப் பின்னால் இன்னொரு மலை எழும்பி நிற்கும். பள்ளங்களில் நிழல் இறங்கும். அந்த வெளிச்சம் அரை மணித்தியாலமும் நில்லாது.

போன மாசியில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு மேலே, முகட்டில், இடம் பார்த்துவைத்தேன். உத்தரவு கேட்கக் காலையிலேயே தோட்டத்துத் துரையின் பங்களாவுக்குப் போனேன். அந்த வெள்ளைக்காரர் வேலையாட்கள் பார்த்திருக்க என்னை ஏசித் துரத்தினார். நானும் திரும்பி நின்று ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை, கேட்டவர்களுக்கு நினைவிருக்கும். இதை வடிவாக எழுதிக்கொள்ளுங்கள். பிறகு நடந்ததற்கெல்லாம் இதுதான் காரணம்.

பின்னேரம் வேறு பாதையால் முகட்டுக்கு ஏறினேன். பங்களா அங்கிருந்து மூன்று மைல். கமராவை நிறுத்திக்கொண்டிருக்கும்போது ஓர் இளந்தாரி வந்தான்.

"அண்ணை யாழ்ப்பாணமோ?"

"ஓம்."

"நான் கரவெட்டி. கந்தப்பு. துரையின்ரை குசினியிலை சமையல் வேலை. என்னையும் ஒருக்கா எடுங்கோவன். அக்கா என்னைக் கண்டு ஆறு வருஷமாச்சு."

மறுத்துக் கதைத்தால் வெளிச்சம் போய்விடும். "உந்தக் கல்லடியிலை நில்லும், தம்பி. அசையாதையும்" என்றேன்.

அவன் இடப்பக்க ஓரத்தில் போய் நின்றான். நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். கமராக் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். மலைகள் மேலிருந்து தொங்கின. அவனும் ஓரத்தில் தொங்கினான். அந்தப் பக்கத்தை வெட்டிவிடுவது என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன். படத்தில் மனிதன் நின்றால் பார்க்கிறவரின் கண் நேரே அவனிடம் போய்விடும். பிறகு மலையை யார் பார்ப்பது?

எடுத்த நேரத்தைக் கொப்பியில் குறித்தேன். நாலே முக்கால். அக்காவின் விலாசத்தைச் சொன்னான். அனுப்புகிறேன் என்று சொல்லி, அன்றைக்கே ரயில் ஏறிவிட்டேன்.

மூன்றாம் நாள் கடையில் இருந்து பேப்பர் பார்த்தேன். நான் படம் எடுத்த அன்றைக்கு, பின்னேரம் ஐந்து மணியளவில் துரை பங்களாவில் சுடப்பட்டுச் செத்திருக்கிறார். குசினிக்காரன் கந்தப்புவைப் பிடித்திருக்கிறார்கள். காலையில் துரையோடு வாய்த்தர்க்கப்பட்ட ஊர்பேர் தெரியாத ஒருவனையும் தேடுவதாகப் போட்டிருந்தது.

துரையை நான் கொல்லவில்லை, ஐயா. யார் கொன்றது என்றும் தெரியாது. ஆனால் அதை வாசித்ததிலிருந்து ஒரு வேளையும் வயிறாரச் சாப்பிடவில்லை. கடை வாசலில் பஸ் நிற்கும்போதெல்லாம் இறங்குகிறவர்களின் கால்களைப் பார்ப்பேன். சப்பாத்துப் போட்ட பொலிஸ் கால் என்றால் இருட்டறைக்குள் போய்விடுவேன்.

படத்தை ஒளித்துவைத்திருக்கலாம். ஆனால் நான் எடுத்த படங்களுக்குள் அதைப்போல் ஒன்று அமையவில்லை. கடதாசியில் அச்சடித்து, இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் வெட்டினேன். கல்லும் போயிற்று, அவனும் போனான். மலை ஐந்து அடுக்காக நின்றது. இனி அது எந்த இடம் என்று யாருக்கும் தெரியாது. அதைக் கடைச் சுவரில் மாட்டினேன்.

சித்திரையில் ஒரு பெண் வந்தாள். வெயிலில் முகம் கறுத்து, செருப்பில்லாமல், செம்மண் படிந்த கால்களோடு.

"நான் கந்தப்புவின்ரை தமக்கை, ஐயா. இராசாத்தி. துரை செத்த நேரம் அவன் மலையிலை நிண்டவனாம், எங்கடை ஊர்ப் படக்காரர் ஒருத்தர் தன்னைப் படம் எடுத்தவராம் எண்டு அவன் சொல்லுறான். ஒருத்தரும் நம்பீனமில்லை. நான் ஒவ்வொரு படக்கடையாய் ஏறி இறங்குறன். நீங்கள் மாசியிலை மலைநாட்டுக்குப் போனனீங்களோ?"

"போனனான், பிள்ளை. அந்தப் பக்கம் போகேல்லை."

அவள் என் தலைக்கு மேலே பார்த்தாள். "உந்தப் படம்?"

"உது வேறை மலை."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குப் போனாள்.

நியாயமாக யோசித்துப் பாருங்கள். கந்தப்பு தப்பினால் பிறகு யாரைத் தேடுவார்கள்? அவன் நின்றது படத்தில் இருக்கிறது. படம் எடுத்தவன் படத்தில் இல்லையே. நான் அங்கே நின்றேன் என்று அவன் ஒருவன்தான் சொல்ல வேண்டும். அவன் சொல்லை யார் நம்பினார்கள்? எனக்கும் மனைவி பிள்ளைகள் இருக்கிறார்கள். அவன் தனி ஆள். வழக்கு நடந்த நாட்களில் பேப்பரை ஒரு வரி விடாமல் வாசித்தேன். படக்காரர் வருவார் என்று அவன் கடைசிவரை சொன்னானாம்.

ஆவணியில் அவனைத் தூக்கில் போட்டுவிட்டார்கள். செய்தி வந்த அன்றைக்குத்தான் ஆறு மாதத்துக்குப் பிறகு நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

ஒரு மாதம் கழித்து இராசாத்தி திரும்ப வந்தாள். ஆனால் அவள் சண்டைக்கு வரவில்லை. "அவன் இருந்த ஊரை நான் கண்டதில்லை, ஐயா. உந்தப் படத்தை ஒருக்காப் பாத்திட்டுப் போறன்" என்றாள். பார்க்கட்டும் என்று சட்டத்தை மேசையில் இறக்கிவைத்து, சுவரோடு சாய்த்தேன்.

வெகுநேரம் பார்த்தாள். "அவன் நிண்டனான் எண்ட இடமும் உப்பிடித்தான் இருக்குமோ?"

அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அது ஒன்றுதான் என் குற்றம். "ஓம், பிள்ளை. உதிலை நிண்டிருப்பான்" என்று விரலை வைத்தேன்.

அவள் படத்தைப் பார்க்கவில்லை. என் விரலைப் பார்த்தாள்.

"உது சுவரெல்லோ, ஐயா" என்றாள்.

சட்டத்துக்கு வெளியே, இடப்பக்கம், சுண்ணாம்புச் சுவரில் என் விரல் நின்றது. எடுத்துவிட்டேன். என் முகத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நெஞ்சைக் கையால் பொத்திக்கொண்டு பின்னுக்குப் பின்னுக்கு நடந்து வெளியே போனாள். என்னைப் பார்த்து ஒருவர் அப்படிப் பயந்ததை நான் அதற்கு முதல் கண்டதில்லை.

நாலாம் நாள் பொலிஸ் உடுப்போடு நீங்கள் வந்தீர்கள்.

ஓம், ஐயா, படம் பதிந்த கண்ணாடித் தட்டு வெட்டாமல் முழுதாக இருக்கிறது. நான் உடைக்கவில்லை. இருட்டறையில், மேல் பலகையில், கறுப்புக் கடதாசி சுற்றிய பெட்டி. வெளிச்சத்தில் பிடித்து ஓரத்தைப் பாருங்கள். முகம் நல்ல தெளிவு. சொன்னபடி அசையாமல் நின்றிருக்கிறான். அவன் உயிர் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் ஆறு மாதமும் கடையைத் திறந்து மூடினேன். அவனைத் தூக்கில் போட்டது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

தட்டை எடுக்கும்போது மட்டும் விளிம்பில் பிடிக்கச் சொல்லுங்கள், ஐயா. விரல் பட்டால் அந்த வானம் பழுதாய்ப் போய்விடும்.