டாக்டருக்கும் அவருக்கும் நடுவே மருமகள்

2005, பிப்ரவரி. டெல்லி கிட்வாய் நகரில் நான் ஏறிய பஸ்ஸில் நல்ல கூட்டம். எனக்குப் பின்சீட்டில் மஃப்ளர் சுற்றிய பெரியவர் ஒருவர், பக்கத்தில் இருந்த நண்பரிடம் திருநெல்வேலித் தமிழில் உரக்கச் சொன்னார்:

"இன்டர்நெட் டாக்டர்கிட்ட பொய் சொல்லிட்டேன் வே."

"என்னத்துக்கு அண்ணாச்சி?"

"ஒரு மாசமா வெளிக்குப் போகையில ரத்தம் வருது. மகன் கம்ப்யூட்டர்ல டாக்டரைப் பிடிச்சுக் குடுத்துட்டு ஆபீஸுக்குப் போயிட்டான். டாக்டர் கேக்கறதை மருமக வாசிக்கா, நான் சொல்லச் சொல்ல டைப் அடிக்கா. அந்தப் பிள்ளைகிட்ட எப்படி வே இதைச் சொல்ல?"

"பிறகு என்ன சொன்னீங்க?"

"தலைவலின்னேன். மாத்திரை எழுதிட்டாரு. மருமக வேளாவேளைக்கு எடுத்துக் குடுக்கா, நானும் முழுங்குதேன்."

"மெதுவாப் பேசுங்க, பஸ்ஸு முழுக்க ஆளு."

"இருக்கட்டுமே. டெல்லியில எவனுக்கு வே தமிழ் தெரியும்?"

எனக்கு முன்சீட்டில் இருந்த பெண்மணி திரும்பினார்.

"சும்மா விட்டுடாதீங்க சார். எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. நாளைக்கே நேர்ல போய்க் காட்டுங்க."

பெரியவர் மஃப்ளரை இழுத்து மூக்குவரை மூடிக்கொண்டார். நண்பர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அடுத்த நிறுத்தத்தில் மஃப்ளர் இறங்கியது. என் தோளுக்கு மேலாகக் குனிந்து அவர் கேட்டார்:

"அவருக்கு என்ன நிறத்துலம்மா போச்சு?"