தூறலுக்குத் திறக்காத விதை

இல்லண்ணே, எலி இல்ல. எலின்னா பிராண்டும். இது டிக்... கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல... திரும்ப டிக், டிக்னு. இருட்டினப்புறம் யாரோ ஜன்னல்ல பொடிக்கல்லா விட்டெறியிற மாதிரி. சுத்தி எங்க பாத்தாலும் மணல், மனுஷ வாடையே கெடையாது. எங்க வீட்டுக்காரரு ஆராய்ச்சி முகாமுக்குப் போயிட்டாரு, நானும் புள்ளையும் மட்டும். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க.

நீங்க பாட்டுக்கு அலமாரிக்கு ஆணி அடிங்க, நான் பாட்டுக்குப் பேசுறேன். பேச ஆளு கெடைச்சு நாளாச்சு. எது, கையிலயா? கதவுல இடிச்சுக்கிட்டது. ஆறிடும்.

புள்ளைக்கு நேத்து ராத்திரி அனலாக் கொதிச்சுது. இந்த வீட்டுல குளிர்ச்சியா இருக்கறது இந்த விதை ரூம் ஒண்ணுதான். இதுக்குள்ள நான் காலே வைக்கக் கூடாது, அது இவரு போட்ட சட்டம். புள்ள முனகுதே, என்ன பண்றது? இங்க கொண்டாந்து போட்டு, துணிய நனைச்சு நனைச்சு நெத்தியில வச்சேன். காத்து குளுமையா வரட்டுமேன்னு ஈரப் போர்வைய ஒரு கொடி கட்டித் தொங்கவிட்டேன், சரியா இவரு காஞ்ச விதைக்காயெல்லாம் சேத்து வச்சிருக்கற தட்டுக்கு மேல. எம்புத்திய என்ன சொல்ல. சொட்டுச் சொட்டா வடிஞ்சு தட்டே குளமாயிருக்கு, அதுல இருந்த காயெல்லாம் ஒண்ணொண்ணா வெடிக்குது. அந்தச் சத்தந்தான். ஒரு விதை பறந்து வந்து என் கன்னத்துலயே அடிச்சுது.

பாலைவனத்து முள்ளுச்செடிண்ணே. கணுக்கால் உயரம் இருந்தா பெருசு. ஒரு மழை பாத்துக் காய்க்கும், அதோட செத்துரும். ஆனா செத்தும் பிடிய விடாது. எலும்புக்கூடா நின்னுக்கிட்டு வருஷக்கணக்கா விதையப் பொத்தி வச்சிருக்கும். தூறலுக்கெல்லாம் ஏமாறாது. தூறல நம்பி மொளச்சா மறுநாள் வெயில்ல கருகிடுமே. நல்லா நனைஞ்சாத்தான் திறக்கும், அப்பவும் மொத்தத்தையும் கொட்டிடாது. கொஞ்சத்த அடுத்த மழைக்கு நிறுத்தி வச்சுக்கும். எல்லாம் இவரு சொல்லிக்கொடுத்ததுதான், கல்யாணமான புதுசுல. எங்க வீட்டாளுங்க வாயப் பொளந்துக்கிட்டுக் கேட்டாங்க. நானுந்தான். அழகாப் பேசுவாரு.

மன்னிப்புக் கேக்கும்போதும் அப்படித்தான். நாலு நல்ல வார்த்தை, கண்ணுல கொஞ்சம் தண்ணி. தூறல். நான் ஒவ்வொரு தூறலுக்கும் மொளச்சேன்.

வர்ற வழியில ஒரு வேலி பாத்திருப்பீங்களே. ஆடு மாடு வராம அடைச்சு வச்சா என்ன வளருதுன்னு பாக்க இவரு போட்டது. நீயும் எனக்கு அப்படித்தான், யாரும் ஒரு வாய் கடிக்க விட மாட்டேன்னு சொல்வாரு. மொத வருஷம் வேலிக்குள்ள பசேல்னுதான் இருந்துச்சு. இப்பப் போய்ப் பாருங்க. பழைய புல்லு மண்டி, புதுசு தலை தூக்க எடமில்லாம, சாம்பலாக் கெடக்கு. வெளிய ஆடு மேஞ்ச எடத்துலதான் குருத்து விடுது. அத மட்டும் ஆராய்ச்சி நோட்டுல எழுத மாட்டேங்கறாரு.

அந்தத் தட்டு வருஷக்கணக்கா அலைஞ்சு சேத்ததுண்ணே. இன்னிக்குச் சாயந்திரம் வந்ததும் மொத வேலையா அதத்தான் பாப்பாரு. போன தடவ ஒரு கண்ணாடிக் குழாய் உடைஞ்சதுக்குத்தான் இந்தக் கை. கதவு பாவம், அது மேல பழியப் போட்டுட்டேன்.

எங்கண்ணன் நாளைக்குக் காலையில வர்றான். தண்ணி லாரிக்காரர்கிட்ட ஜன்னல் வழியா அவன் நம்பரச் சொன்னேன், அவரு புண்ணியவான், பேசிட்டாரு. நடுவுல இந்த ஒரு ராத்திரிதான்.

உங்க கூடவேயா? இந்த வெயில்ல, சைக்கிள்ல, காய்ச்சக்காரப் புள்ளையத் தூக்கிக்கிட்டா? இருக்கறது ஒரே ரோடு, எதிர்ல அவரு ஜீப்பு.

அலமாரி கெடக்கட்டும், வாசக்கதவுக்கு வாங்கண்ணே. வரும்போது வெளித்தாழ்ப்பாள நீக்கிட்டுத்தானே உள்ள வந்தீங்க. முடிச்சதும் திரும்பப் போட்டுட்டுப் போகணும்னு சொல்லி அனுப்பியிருப்பாரு. நீங்க ஒண்ணுமே கேக்காம தலையக் குனிஞ்சுக்கிட்டீங்க பாருங்க, அதப் பாத்துத்தான் பேச ஆரம்பிச்சேன். கான்வென்ட்ல எந்தக் கதவா இருந்தாலும் தட்டிட்டுப் போன்னு பழக்கினாங்க. சொந்த வீட்டுக் கதவ உள்ளேருந்து தட்ட யாரும் பழக்கல.

உள்ள ஒரு தாழ்ப்பாள் இருந்துச்சு. புள்ள போட்டுக்கும்னு அவரே கழட்டிட்டாரு. நீங்க வெளிய இருக்கறதக் கழட்டி இந்தப் பக்கம் மாட்டிக் குடுங்க. பின்கதவு கெடையாது, ஜன்னலுக்கெல்லாம் கம்பி. இது ஒண்ணு போதும். அவரு கேட்டா, அந்தம்மா சொன்ன எடத்துல மாட்டினேன்னு சொல்லுங்க, பொய்யில்லையே.

அதோ அந்தத் தூசியா? காத்துதான். ஜீப்புன்னா கோடு கிழிச்ச மாதிரி வரும். நீங்க பதறாம முடுக்குங்க. நீளமான ஸ்க்ரூவாப் போடுங்க.

ஆச்சா? சரி, பையத் தூக்கிக்கிட்டு வெளிய நில்லுங்க. நான் போட்டுக்கறேன்.

ம், தள்ளிப் பாருங்க.

இன்னும் பலமா. கையால இல்லண்ணே, ரெண்டடி பின்னால போய், தோளால. அவரு தள்ளுற மாதிரி.

அசையல.

திறந்து நன்றி சொல்றதுதான் மரியாதை. தப்பா நெனைக்காதீங்கண்ணே, நான் திறக்க மாட்டேன்.