ஈரக் கரண்டி

தேன் ஜாடியில் ஈரக் கரண்டியைப் போடக் கூடாது, நர்சம்மா. எங்கள் மலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. தண்ணீர் பட்டால் தேன் புளிக்கும், நுரைக்கும், கள் வாடை அடிக்கும். நான் தெரிந்துதான் போட்டேன்.

என் தம்பி பிரகாஷ் காட்டிலிருந்து கொண்டுவந்த தேன் அது. பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று பீங்கான் ஜாடியில் ஊற்றி வைத்திருந்தான். பச்சைப் பிள்ளையின் நாக்கில் யார் முதலில் தேன் தொட்டு வைக்கிறார்களோ, அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் பேச்சு. தம்பி பெண்டாட்டி வெண்ணிலா தன் அக்கா அருணாவைச் சொன்னாள். ஒடுகத்தூரில் வாழ்க்கைப்பட்டவள், அதிர்ந்து பேசாதவள். சொந்த அத்தை நான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன், என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு வாய் நீளமாம்.

நீங்கள் வீட்டுக்கு வந்து சொன்னதை நான் மறக்கவில்லை. "ஒரு வயசு ஆகறவரைக்கும் தேன் வேணாம்மா. எவ்ளோ சுத்தமான தேனா இருந்தாலும் அதுல ஒரு கிருமி இருக்கும். பச்சக் கொழந்த தாங்காது. பால் குடிக்க முடியாம, அழக்கூட தெம்பில்லாம துவண்டுடும்."

வெண்ணிலா தலையை ஆட்டினாளே தவிர, ஜாடியை அப்புறப்படுத்தவில்லை. ஆகவே பிள்ளையைக் காப்பாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. தினமும் கரண்டியைத் தண்ணீரில் முக்கி ஜாடிக்குள் விட்டு ஒரு கலக்கு. பிறகு மூடியை இறுக்கி, அடுப்புப் பக்கமாக நகர்த்தி வைப்பேன்.

பிள்ளை வீட்டுக்கு வந்த அன்று அருணா பட்டுப்புடவையில் வந்து இறங்கினாள். மூடியைத் திறந்ததும் தேன் புஸ்ஸென்று பொங்கி அவள் மடியெல்லாம் வழிந்தது. சிரிப்பை அடக்கி எனக்கு இருமலே வந்துவிட்டது.

"இன்னா மாதம்மா இது, சாராயம் கணக்கா நாறுது?" என்றார் பெரியப்பா ராஜாக்கண்ணு.

"தேனு இன்னா பண்ணும் பெரிப்பா? கைராசின்னு ஒண்ணு இருக்குதில்ல."

அவ்வளவுதான் சொன்னேன். அருணா அழுதுகொண்டே மத்தியான பஸ்ஸில் கீழே இறங்கிவிட்டாள். இப்போது அவளை ஒரு வளைகாப்புக்குக்கூட யாரும் கூப்பிடுவதில்லையாம். பாவம்தான்.

பிள்ளைக்கு யாரும் தேன் வைக்கவில்லை என்று வெண்ணிலா உங்களிடம் சத்தியம் செய்கிறாளே, அது பொய்யில்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஜாடியைக் கலக்குவதற்கு முன்பே ஒரு பாட்டில் தேனை நான் தனியாக எடுத்துவிட்டேன். துடைத்துக் காயவைத்த பாட்டில். சொட்டுத் தண்ணீர் படாமல், வெயில் படாமல் என் பெட்டிக்குள் வைத்திருந்தேன். வெண்ணிலா குளிக்கப் போகும்போதெல்லாம் விரல் நுனியில் எடுத்து அவன் நாக்கில் தடவினேன். ஒரு தரம் வைத்தால் குணம் ஒட்டுமோ ஒட்டாதோ என்று தினமும் தடவினேன். நீங்கள் சொன்ன கிருமியெல்லாம் கடைத்தேனுக்கு. என்னுடையதில் ஒரு தூசி இருக்காது.

ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கிறது, நீங்களும் அவசரப்படுத்துகிறீர்கள். டாக்டரிடம் தாராளமாகச் சொல்லுங்கள், தேன் வைத்தது நான்தான். எனக்கு ஒரே ஒரு வருத்தம். இத்தனை நாள் பாடுபட்டும், பாருங்கள், பாலுக்குக்கூட வாய்விட்டு அழமாட்டேன் என்கிறான். கண்ணைக்கூட முழுசாகத் திறப்பதில்லை. அப்படியே அருணா.