ஆக்ஸ்போர்டிலிருந்து கீழத்தெருவுக்கு

நம் வாடகைக் கார் ஓட்டுநர் சங்கத்தின் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் அண்ணன் துரைராசு அவர்களே! நீடாமங்கலம் ரயிலடியில் எனக்கு முன்னே வண்டி நிறுத்திய மூத்தோரே! சேறு கழுவி, சேலை மாற்றி, நேரே பந்தலுக்கு வந்திருக்கும் தாய்மார்களே! தோழர்களே! தங்கமணியின் வணக்கம்.

நாம் ஓட்டும் காரின் வரலாற்றைச் சொல்லச் சொன்னார்கள். கூட்டியும் குறைத்தும் சொல்லாமல், நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

போர் முடிந்து மூன்றாம் ஆண்டு, நாற்பத்தெட்டில், இங்கிலாந்தில் புது உருவம் பூண்டு வந்தது மோரிஸ் ஆக்ஸ்போர்டு. யாருக்காக? பிரபுவுக்காகவா? படைத்தலைவனுக்காகவா? இல்லை, குடும்பத்துக்காக! முன்னே அப்பாவும் அம்மாவும், பின்னே பிள்ளைகளும், ஞாயிற்றுக்கிழமை உலா! அந்த ஆக்ஸ்போர்டு கடல் கடந்து வந்தது. அடுத்த உருவம் இங்கே லேண்ட்மாஸ்டர் ஆனது. அதற்கடுத்த உருவம் அம்பாசிடர் ஆனது. பிறந்த நாட்டில் அந்த வரிசை எழுபத்தொன்றோடு நின்றுவிட்டது. இங்கே? ஓடியது, ஓடுகிறது, இன்னும் ஓடும்!

யாரங்கே, குடவாசலுக்கு என்ன வாடகை என்று கேட்பது? கூட்டம் முடிந்ததும் ஸ்டாண்டுக்கு வாருங்கள் ஐயா, பேசிக்கொள்வோம்.

குடும்பக் கார் என்றானே வெள்ளைக்காரன், காவிரிக் கரையில் எந்தக் குடும்பம் அதில் ஏறியது? மிராசுதார் ஏறினார். அதிகாரி ஏறினார். மந்திரி கொடி கட்டி ஏறினார். ஆட்சி மாறியதும் இறங்கினார், அடுத்தவர் ஏறினார். நாற்று நட்டவள் ஏறினாளா? நெல் அறுத்தவன் ஏறினானா?

அறுபத்தொன்பது, தை மாதம். கூலித் தகராறில் அறுவடை நின்றிருந்தது. குடவாசல் பக்கம், வயல் கூலிகள் குடியிருக்கும் ஒரு கீழத்தெருவில் காளியம்மாளுக்குப் பிரசவம் சிக்கல் என்று சேதி வந்தது. புதிதாக வேலைக்கு வந்திருந்த நர்சம்மா சைத்தூன் பீவி, எங்கும் நடந்தே போகிறவர், அன்று அவசரம் என்று என் காரில் ஏறினார். அதுதான் தப்பாகிவிட்டது!

கார் நுழைந்ததும் தெரு காலி. ஆண்கள் வயலில் குதித்து ஓடிவிட்டார்கள். ஏனென்றால் முந்தின வாரம் இதே உருவத்தில் ஒரு கார் வந்து, கூலி கேட்ட நான்கு பேரைப் பிடித்து ஏற்றிப் போயிருந்தது. என் டாக்சியின் மஞ்சள் கூரையை யார் பார்த்தார்கள்? காளியம்மாளின் மாமியார் எல்லையம்மாள் மட்டும் அரிவாளோடு வாசலை மறித்து நின்றார்.

"ஆம்பள ஒருத்தரும் இல்ல. வண்டியத் திருப்பு!"

"அம்மா, நான் நர்சு. உள்ள கத்துறது உங்க மருமகதானே? விடுங்க."

"நர்சு வேசம் போட்டு வந்தா நம்பிடுவமா?"

உள்ளே அலறல் தேய்ந்துகொண்டே வந்தது. நான் காரின் சாவியை உருவி அவர் கையில் வைத்தேன்.

"சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்மா. இனிமே யாரையும் ஏத்திக்கிட்டு நான் ஓட முடியாது. நர்சம்மாவ மட்டும் உள்ள விடுங்க."

அவர் சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இடுப்பில் செருகிக்கொண்டு வழி விட்டார்.

பெண் குழந்தை பிறந்தது. ஆனால் தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார் நர்சம்மா. எல்லையம்மாள் ஓடி வந்து சாவியை என் கையில் திணித்தார். அப்புறம் வயலைப் பார்த்து மகனைக் கூப்பிட்டார்.

"அய்யாக்கண்ணு! வாடா வெளிய! இது நம்ம காருடா!"

இடுப்பளவு சேற்றோடு வந்த அய்யாக்கண்ணு கதவருகே தயங்கினார். "சீட்டு பாழாயிடுங்க. நான் பின்னாலயே ஓடியாந்துடறேன்."

"ஏறுங்க. கழுவிக்கலாம்."

அப்பா, அம்மா, பிள்ளை. ஆக்ஸ்போர்டில் வரைந்த அந்தக் கார், இருபத்தோரு ஆண்டுகள் கழித்து அன்றுதான் எங்கள் மண்ணில் குடும்பக் கார் ஆனது! தாயும் பிழைத்தாள், மகளும் பிழைத்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

தோழர்களே, எந்தத் தெருவில் கை காட்டினாலும் நம் கார் நிற்கட்டும்! எந்தத் தெருவில் நுழைந்தாலும் அதைக் கண்டு ஒருவரும் ஓடாதிருக்கட்டும்! பொறுமையாகக் கேட்டீர்கள், நன்றி. மூன்றாம் வரிசையில் பேத்தியை மடியில் வைத்திருக்கும் எல்லையம்மாளுக்கு என் தனி வணக்கம். அம்மா, கூட்டம் முடிந்ததும் நடக்க வேண்டாம். நம்ம காரு வெளியே நிற்கிறது.