கணக்கில் இல்லாத தகடுகள்

எங்கள் வீட்டுச் சலவை இயந்திரம் துணி பிழியும்போது இடம்விட்டு நகரும். நீங்கள் கேட்கிற சத்தம் அதுதான், பயப்பட வேண்டாம். ஈரமான விரிப்பு ஒன்று உள்ளே ஒரு பக்கமாகச் சுருண்டிருக்கும். வேகம் ஏறும்போது ஓரிடத்தில் மட்டும் இயந்திரம் துள்ளும்; அந்த வேகத்தைத் தாண்டினால் தானாக அடங்கிவிடும். மாணவர்களுக்கு அதிர்வு என்ற பாடத்தை நான் இதிலிருந்துதான் தொடங்குவேன். எந்தப் பொருளுக்கும் அது தன்பாட்டில் ஆடுகிற வேகம் ஒன்று உண்டு. வெளியிலிருந்து வரும் தள்ளல் அதே வேகத்தில் வந்தால், சின்னத் தள்ளலே போதும்.

தேநீர் ஆறுகிறது, குடியுங்கள். எங்கள் கோயில் மணிக்கோபுரம் ஏன் விழுந்தது என்று அறிக்கை எழுதக் கொழும்பிலிருந்து வந்திருக்கிறீர்கள். ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் ஒரே பதில்தான் கிடைத்திருக்கும்: அபிகாயில் ரீச்சர் முதலே சொன்னவ, நாங்கள்தான் கேக்கேல்லை. நீங்கள் மட்டும் வேறொன்று கேட்டீர்கள். மணியைத் தாங்கும் நுகத்தின் மேல் பூட்டியிருந்த இரும்புத் தகடுகள் இடிபாட்டுக்குள் ஏன் இல்லை என்று. அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்வதென்றால் கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும்.

என்னைப் பற்றி இந்த ஊரில் ஒரேயொரு கதைதான் உண்டு. அபிகாயில் கணக்கில் பிழை விடமாட்டாள். பள்ளிக்கூட நாட்களில் தொடங்கிய கதை. மற்றப் பெண்களுக்குப் பாட்டுக் குரல் இருந்தது, கைப்பக்குவம் இருந்தது, பிறகு பிள்ளைகள் இருந்தார்கள். எனக்கு இந்த ஒரு வாக்கியம் இருந்தது. நாற்பது கடந்த ஒருத்தி, அம்மாவும் போய்விட்ட வீட்டில், ஒரு வாக்கியத்தில் சாய்ந்துகொண்டு வாழமுடியும். பலர் அதைவிடக் குறைந்த ஒன்றில் சாய்ந்திருக்கிறார்கள்.

லண்டனில் இருக்கும் குடும்பமொன்று தாயின் நினைவாகப் புதுமணி கொடுக்க முன்வந்தது. பழைய மணி அசையாது தொங்கும். நாக்கை இழுத்து அடிப்பது. புதியது முழுதாக ஆடும் மணி. கோபுரமோ முருகைக்கல்லும் சுண்ணாம்பும். சபையில் பொறியியல் படித்தவள் நான் ஒருத்தி என்பதால் பார்த்துச் சொல்லக் கேட்டார்கள். கோபுரத்து உச்சியில் கருவி வைத்து, அது ஆடும் வேகத்தை அளந்தேன். மணியின் வேகத்தை வரைபடத்திலிருந்து கணித்தேன். ஆடும் மணி கோபுரத்தை ஒரே சீராகத் தள்ளுவதில்லை; அந்தத் தள்ளலுக்குள் மும்மடங்கு வேகத்தில் இன்னொரு தள்ளல் ஒளிந்திருக்கும். அந்த ஒளிந்த தள்ளலும் கோபுரத்தின் வேகமும் பொருந்தின. பரிவு வரும், அதாவது ஆட்டம் மேலும் மேலும் ஏறும், தொடர்ந்து அடித்தால் உச்சி விழும் என்று சபைக் கூட்டத்தில் சொன்னேன்.

டானியல் மாஸ்டர் எழும்பினார். சபைச் செயலாளர்.

"பிள்ளை, உந்தக் கோபுரம் ஷெல்லடிக்கே அசையேல்லை. மணிச்சத்தத்துக்கோ விழப்போகுது?"

பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல்: "ரீச்சர் எக்காளச் சத்தத்துக்கு விழுந்த எரிகோ மதில் எண்டு நினைச்சிட்டா போல."

போதகரும் சிரித்தார். எனக்குக் கோபம் வரவில்லை. விழுந்த பிறகு இவர்கள் முகம் எப்படியிருக்கும் என்று மட்டும் எண்ணினேன். அந்த எண்ணம் இதமாக இருந்தது. அதில் குற்றமில்லை, எவருக்கும் வரக்கூடிய எண்ணம்தான்.

சிரிக்காத ஒருவர் இருந்தார். கொலின்ஸ் அண்ணை. கோயிலைக் கூட்டித் துடைத்து, கதவு திறந்து, மணி அடிப்பவர். கூட்டம் கலைந்ததும் என் பின்னால் வந்தார்.

"ரீச்சர், கயித்தைப் பிடிக்கிறவன் நான்தானே. மெய்யாவே விழுமோ?"

"விழும், அண்ணை."

"அப்ப செபஸ்தியம்மாவை இப்பவே அழப் பழகச் சொல்லட்டே?" என்று மனைவியின் பெயரைச் சொல்லிச் சிரித்தார். ஆனால் நம்பினார். மணி பூட்டியபின் ஒவ்வொரு ஞாயிறும் கயிற்றைத் தொடமுன் வாசலில் என் முகத்தைப் பார்ப்பார். அப்படி என்னை ஒருவரும் பார்த்ததில்லை.

மணி அடித்த முதல் நாளே கைக்கடிகாரத்தை வைத்து அதன் ஆட்டத்தைப் பார்த்தேன். நான் கணித்ததைவிட மெதுவாக ஆடியது. வீட்டுக்கு வந்து வரைபடத்தை விரித்தேன். அதில் மணி இருந்தது, நுகம் இருந்தது. பூட்ட வந்தவர்கள் நுகத்தின் மேல் வைத்த எதிர்ப்பாரத் தகடுகள் இருக்கவில்லை. அந்தத் தகடுகள் மணியின் பாரத்தைச் சமப்படுத்தி, ஆட்டத்தைத் தாமதமாக்கி, தள்ளலையும் குறைத்துவிட்டிருந்தன. கோபுரம் விழாது. இன்னும் பல காலம் நிற்கும்.

அடுத்த ஞாயிறு எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் அது பிழை அல்ல, எனக்குத் தரப்படாத தகவல். தரப்படாததற்காக ஒருத்தி ஏன் எழுந்து நிற்கவேண்டும்? அப்படித்தான் யோசித்தேன். வரைபடத்தைச் சுருட்டி உள்ளே வைத்தேன்.

வாரங்கள் போயின. டானியல் மாஸ்டர் என்னைக் கண்டால் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைப்பார். சிறுபிள்ளைகளும் அதைப் பழகிக்கொண்டார்கள். அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். ஆவணியில் ஒரு ஞாயிறு கொலின்ஸ் அண்ணை என்னைப் பார்க்காமலே கயிற்றைப் பிடித்தார். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, அன்பாகத்தான், தோளைச் சாய்த்துக்கொண்டு சொன்னார்:

"ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. கணக்கு எங்கையோ பிழைச்சுப் போச்சு. ஆருக்கும் பிழைக்கும்தானே."

ஆருக்கும். அந்தச் சொல்லோடு வீட்டுக்கு வந்தேன். சோறு போட்டுக்கொண்டேன், சாப்பிடவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், ஆரோ ஒருத்தியின் முகம் போலத்தான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் கொலின்ஸ் அண்ணையிடம் கோபுரக் கதவின் திறப்பைக் கேட்டேன். கூடவே ஏறி வந்தார். நுகத்தைக் காட்டி, இந்தத் தகடுகளைக் கழற்றவேண்டும் என்றேன். மரை கழற்றும் சாவி கொண்டுவந்து அவரே கழற்றினார்.

"அப்பாடா, என்ன பாரம். இது இல்லாட்டி மணி லேசா ஆடுமோ, ரீச்சர்?"

"ஓம் அண்ணை. கெதியா ஆடும்."

நான் அவரிடம் பொய் சொன்னதில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

"வீணா எறியாமல் நான் கொண்டுபோகட்டே? வீட்டிலை தண்ணிப் பரல் மூடியைக் குரங்கு இழுத்துப்போடுது. மேலை வைக்க நல்லது."

கொண்டுபோகச் சொன்னேன். அந்த ஒடுங்கிய படிகளில் ஒவ்வொன்றாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறக்கினார். தகடுகளை நீங்கள் அங்கேதான் கண்டிருப்பீர்கள், அவர் வீட்டுக் குசினிக்குப் பின்னால், நீலத் தண்ணீர்ப் பீப்பாயின் மேல்.

நான் செய்தது அவ்வளவுதான். கோபுரத்தில் ஒரு கல்லையும் நான் தொடவில்லை. என் கணக்கில் இல்லாததை மணியிலிருந்து எடுத்தேன். பிறகு கணக்கும் மணியும் ஒன்றாகிவிட்டன.

சாதாரண ஞாயிறுகளில் கொஞ்ச நேரமே அடிப்பார்கள், கோபுரத்தை ஆட்ட அது போதாது. அறுப்பின் பண்டிகைக்கு நீளமாக அடிப்பது வழக்கம். ஆராதனை முடிந்து, காணிக்கையாக வந்த வாழைக்குலைகளையும் பூசணிக்காய்களையும் முற்றத்தில் ஏலத்துக்கு அடுக்குவார்கள். அந்த நேரத்தில் வெயில். நிழல் கோபுரத்தடியில்தான் விழும். இதையும் நான் அறிந்திருந்தேன்.

நான் தெருவுக்கு மற்றப் பக்கம் வேம்பின் கீழ் நின்றேன். வாசலைக் கடக்கும்போது கொலின்ஸ் அண்ணை கூப்பிட்டார்: "ரீச்சர், மணி இப்ப குதிரை மாதிரி வருது! கேளுங்கோவன்." நான் தலையசைத்தேன்.

உச்சிச் சிலுவையில் ஒரு காகம் இருந்தது. மணி முழு ஆட்டத்துக்கு வந்த சிறிது நேரத்தில் அது எழும்பி, திரும்ப இருந்து, மறுபடி எழும்பிப் போய்விட்டது. கீழே ஏலக்காரரின் பகிடிக்குச் சனம் சிரித்துக்கொண்டிருந்தது. சுண்ணாம்பு மாவாகக் கொட்டத் தொடங்கியது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் கூப்பிட்டிருந்தால் அவர் கயிற்றை விட்டிருப்பார். என் குரல் அவருக்குத் தெரியும். விட்டிருந்தால் ஒன்றும் நிரூபணமாகியிராது. கொஞ்சம் சுண்ணாம்பு கொட்டியது என்று கூட்டித் தள்ளியிருப்பார்கள்.

உச்சி விழுந்தபோது அடியில் அகப்பட்டவர்கள் மூவர்: கொலின்ஸ் அண்ணை, நிழலில் பூசணிக்காய்களை அடுக்கிக்கொண்டிருந்த நவமணி அக்கா, அவவின் பேத்தி. டானியல் மாஸ்டர் பந்தலுக்குள் நின்றதால் தப்பினார். செத்தவீட்டில் எல்லோருக்கும் முன்னால் என் கையைப் பிடித்து, "பிள்ளை, நீ சொன்னாய், நாங்கள் கேக்கேல்லை" என்று அழுதார். அவரைத் தேற்றினேன். அன்று வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

இயந்திரம் நின்றுவிட்டது. உள்ளே இருப்பது செபஸ்தியம்மாவின் விரிப்புகள். அண்ணை போனபிறகு அவவால் கிணற்றடிக்குப் போக ஏலாது. குருநகரில் இருக்கும் தன் சனத்திடமும் போகமாட்டாவாம். வாராவாரம் நான் வாங்கிவந்து துவைத்துக் கொடுக்கிறேன். "நீங்கள் சொன்னதை உவங்கள் கேட்டிருந்தா" என்று ஒவ்வொரு முறையும் என் கையை முத்தமிடுவா. நான் இழுத்துக்கொள்வதில்லை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்று உங்கள் முகம் கேட்கிறது. நீங்கள் தகடுகளைக் கண்டதால் அல்ல. அவை கோபுரம் விழுந்தபோது தெறித்தவை, கொலின்ஸ் அண்ணையின் உறவினர் எடுத்துவந்தவை என்று சொன்னால் நம்பக்கூடியவர் நீங்கள், நல்லவர். நேற்று, என் மனம் நோகக்கூடாதென்று மெதுவாக ஒன்று சொன்னீர்கள். "ரீச்சர், உங்கட கணக்கில தகடுகள் சேரேல்லை. சேர்த்துப் பார்த்தா கோபுரம் நிண்டிருக்கவேணும். விழுந்ததுக்கு வேறை காரணம் இருக்கு. உங்கட கணக்குப் பிழையெண்டு ஒரு வரி எழுதவேண்டி வரும், குறை நினைக்காதேங்கோ."

கொலின்ஸ் அண்ணை சொன்ன அதே சொற்கள். குறை நினைக்காதேங்கோ.

வேறு காரணம் இல்லை, ஐயா. தகடுகளைக் கழற்றுவித்தவள் நான். அன்று மணி அடிக்கப்படும் என்றும், யார் அடிப்பார் என்றும், நிழலில் ஆட்கள் நிற்பார்கள் என்றும் அறிந்து, பார்த்துக்கொண்டு நின்றவளும் நான். அந்த மூவரையும் கொன்றேன். இதை அப்படியே எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். தகடுகள் இல்லாத மணியை வைத்து என் கணக்கை இன்னொருமுறை செய்து பாருங்கள். கடைசித் தசமம்வரை பொருந்தும்.

குற்றம் என்று எழுதுங்கள். பிழை என்று எழுதவேண்டாம்.