பதினொரு நாள் மிச்சம் வைத்து வென்ற எங்கள் அக்காவுக்கு

குப்பி கழுவ வந்து கூடத்தின் தலைமை கொண்ட குணக்குன்றே! கலங்கிய நீரைக் கண்டுபிடித்து, கலங்காத நெஞ்சோடு காத்து நின்ற காவலே! முப்பத்தைந்து ஆண்டுகள் இந்நகரின் குழாய்களில் நம்பித் தண்ணீர் பிடிக்க வைத்த நல்லவரே! குடிநீர் ஆய்வுக்கூடத்தின் தலைமை வேதியியலரே! சுற்றி வளைப்பானேன், எங்கள் அக்காவே! வணக்கம், வணக்கம், இன்னுமொரு வணக்கம்!

நீங்கள் ஓய்வு பெறும் நாளுக்கான இம்மடலை எழுதும் பொறுப்பைக் கிடங்குக் காப்பாளனான என் தலையில் கட்டிவிட்டார்கள். அமிலப் புட்டிகளோடு காலம் தள்ளுகிறவனுக்கு அலங்காரத் தமிழ் எவ்வளவு தூரம் வரும்? முதல் பத்தியிலேயே மூச்சு வாங்குகிறது. ஆனாலும் விடுவதாக இல்லை.

நாற்பத்தொன்றாம் வயதில், பகலெல்லாம் குப்பி கழுவிய ஈரக் கையோடு மாலைக் கல்லூரியில் வேதியியல் படிக்கச் சேர்ந்த மன உறுதியே! அன்று உங்கள் மகளுக்கும் பள்ளி இறுதியாண்டு. "பரீட்சை ரெண்டு பேருக்கு, ஜுரம் எனக்கு" என்று உங்கள் வீட்டுக்காரர் எங்களிடம் வந்து புலம்பினார். புலம்பிக்கொண்டே இருவருக்கும் சாப்பாடும் கட்டிக் கொடுத்தார். நாங்கள் என்ன செய்தோம்? கேலி செய்தோம். பிறகு வெட்கப்பட்டு, உங்கள் மாலை நேர வேலையை ஆளுக்கொரு நாளாகப் பங்கு போட்டுக்கொண்டோம்.

துறையின் விதி ஒன்று உங்கள் கழுத்தை நெரித்தது. பட்டம் பெற்ற உதவியாளர் வேதியியலர் ஆகலாம். ஆனால் நாற்பத்தைந்து வயது நிறைவதற்குள் பட்டம் கையில் இருக்க வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் ஆயுளுக்கும் குப்பிதான்.

கடைசித் தேர்வு, நீர்ப் பகுப்பாய்வு. உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு! கேள்வித்தாளைப் பார்த்ததும் தேர்வறையில் இருப்பதே மறந்துவிட்டது உங்களுக்கு. நம் ஆய்வுக்கூடத்தில் நேரமும் சுருக்கொப்பமும் இல்லாத தாள் செல்லாது அல்லவா? முப்பத்தொரு பக்கம் எழுதி, முப்பத்தொரு பக்கத்தின் அடியிலும் நேரத்தைக் குறித்து ஒப்பமும் இட்டு வந்தீர்கள். தேர்விலோ எழுதிய ஆளைக் காட்டிக் கொடுக்கும் கோடு ஒன்று இருந்தாலே தாள் செல்லாது! தெரியாத பாடங்களில் எல்லாம் தப்பித்து, தெரிந்த பாடத்தில் மாட்டிக்கொண்டீர்கள். முடிவு நிறுத்தி வைக்கப்பட்டது. திருத்துபவருக்கு ஆள் காட்டினார் என்று குற்றச்சாட்டு. பிறந்த நாளுக்கு இரண்டே மாதம்.

விசாரணை நாளன்று நம் வேன் ஓட்டுநர் லீவு போட்டுவிட்டு, பத்தொன்பது ஆண்டுப் பதிவேடுகளை இரண்டு சாக்கில் கட்டித் தோளில் தூக்கி வந்தார். குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்: "எதுக்கும்மா பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து போட்டீங்க?"

"தப்பா இருந்தா அது யார் தப்புன்னு தெரியணும்ல சார்? அதுக்குத்தான்."

வெளியே கதவில் காதை வைத்திருந்த எங்களுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அவர்கள் பதிவேடுகளைப் புரட்டினார்கள். கழுவிய ஒவ்வொரு தட்டுக் குப்பிக்கும் அதே நேரக் குறிப்பு, அதே ஒப்பம். உள்நோக்கம் இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் விதி விதிதான், அந்தத் தாளை மூன்று வாரத்தில் மறுபடி எழுத வேண்டும் என்றார்கள்.

எழுதினீர்கள்! எழுதி முடிக்கும்வரை எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. முடிவு வந்தபோது உங்கள் நாற்பத்தைந்துக்குப் பதினொரு நாள் மிச்சம் இருந்தது. அடேயப்பா, அன்று போட்ட கூச்சல்! ஓட்டுநர் அடித்த ஹாரனுக்குப் பக்கத்து அலுவலகத்தார் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள். நீங்களோ முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, காலையில் எடுத்த மாதிரிகளை ஏன் இன்னும் சோதிக்கவில்லை என்று எங்களைத் திட்டினீர்கள்.

கண்டிப்பில் கல்லாய், கனிவில் கற்கண்டாய் நீங்கள் நடத்திய ஆண்டுகளை அடுக்க மடலை மாட்டும் இந்தக் கண்ணாடிச் சட்டத்தில் இடமில்லை. ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டால் என் மனம் ஆறாது. நீங்கள் ஏறிப் போன பிறகு ஏணியை எட்டி உதைக்கவில்லை. அந்த வயது வரம்பை நீக்கச் சொல்லி ஒன்பது முறை தலைமையகத்துக்கு மனுப் போட்டீர்கள். எட்டு முறை திருப்பி அனுப்பினார்கள். போன மாதம் ஆணை வந்தே விட்டது. வரம்பு ஒழிந்தது! ஒழிந்தே போனது!

நோயறியாத உடலும், நொடிக்கொரு சிரிப்பும், உங்களை அதட்ட ஒரு பேரப்பிள்ளையும் வாய்த்து, நூறாண்டு தாண்டியும் நீங்கள் நடமாட வேண்டும். நாங்கள் தப்புச் செய்யும்போதெல்லாம் தொலைபேசியில் திட்ட வேண்டும்.

அக்கா, ஆணை வந்த மறுநாளே நீங்கள் படித்த மாலைக் கல்லூரிக்கு நான் விண்ணப்பம் போட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. எனக்கு ஐம்பத்தொன்று. நேற்று இடம் கிடைத்துவிட்டது. திங்கள் மாலை ஆறு மணிக்கு முதல் வகுப்பு. சந்தோஷம் தாங்கலை. முதல் நாள் எந்த பெஞ்சில உக்காரணும்னு மட்டும் சொல்லிட்டுப் போங்கக்கா.

நன்றியோடும் கண்ணீரோடும்,
குடிநீர் ஆய்வுக்கூடப் பணியாளர்கள் அனைவரும்