ஏழாவது கொடியை மாற்றியது நான்

நான் கண்ணால் பார்த்ததையும் கையால் செய்ததையும் மட்டும், எதையும் கூட்டாமலும் மறைக்காமலும், உண்மையாக இதில் பதிவு செய்கிறேன். நடந்ததை நான் சொல்வது இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறை கேட்டவர்கள் எழுதிக்கொள்ளவில்லை. அதனால் இம்முறை நானே எழுதித் தருவதாகச் சொன்னேன். உதவி ஆய்வாளர் சகாயமேரி அவர்கள் அனுமதித்தார்.

பெயர் த. இலக்கியா, வயது 16, தகப்பனார் பெயர் தங்கராசு, விவசாயம். மரக்காணத்துக்கு மேற்கே நான்கு கிலோமீட்டரில் உள்ள எங்கள் ஊரில் மாரியம்மன் கோயில் தெருவில் குடியிருக்கிறோம். பதினோராம் வகுப்பு படிக்கிறேன். இது 09.02.2026 திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு, ஊர் நூலகத்தில், என் தாயார் தையல்நாயகி முன்னிலையில் எழுதப்படுகிறது.

என் பெரியம்மா மகள் ஜெயப்ரியா சென்னையில் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறார். கடந்த சனிக்கிழமை மதியம் அவரும், உடன் வேலை செய்யும் மணிகண்டன், ஐயப்பன் ஆகியோரும் விடுமுறைக்காகக் காரில் வந்து, கடற்கரை ஓரம் வாடகைக்கு விடும் வீட்டில் தங்கினார்கள். அடுத்த மாதம் ஒரு மலைப்பாதை ஓட்டத்துக்கு மூவரும் பெயர் கொடுத்திருப்பதாகவும், சேற்றில் ஓடிப் பழக வேண்டும் என்றும் அக்கா சொன்னார். அந்த வாரம் இரண்டு நாள் மழை பெய்திருந்ததால் உப்பள வரப்புகள் சேறாக இருந்தன. அளத்தின் உரிமையாளரிடம் அக்கா போனில் அனுமதி வாங்கினார். வழி தெரிந்தவள் என்பதால் என்னையும் அழைத்தார்.

அதன் பிறகு நான்கு மணியளவில் வழி காட்டும் கொடியாகச் சிவப்பு ரிப்பன் கட்டிய குச்சிகளை வரப்புகளில் நட்டுக்கொண்டே போனோம். மொத்தம் பன்னிரண்டு குச்சிகள். மணிகண்டன், "மலைன்னு சொல்லிட்டு கூட்டிட்டு வந்த, மலை எங்கப்பா?" என்று கேட்டார். அக்கா, ஓலை போட்டு மூடியிருந்த போன வருடத்து உப்புக் குவியலைக் காட்டி, "அதோ இருக்குது பாரு, ஏறி எறங்கு" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அங்கே கலியன் என்பவரும் அவர் மனைவி பாஞ்சாலையும் பாத்தி மிதித்துக்கொண்டிருந்தார்கள். உப்பு விளைய விடுவதற்கு முன் பாத்தியின் களிமண் தரையை வெறுங்காலால் நாள் கணக்கில் மிதித்து இறுக்குவார்கள். அதில் ஒரு குழி விழுந்தாலும் தண்ணீர் கீழே இறங்கிவிடும், உப்பில் மண் ஏறிவிடும். கலியன் எங்களைப் பார்த்து, "ஏம்மா, இந்தப் பக்கம் ஆள வுடாதீங்க. மழையில கெட்டத மறுபடி மிதிச்சி மூணு நாளாவுது. ஷூ காலு பட்டா மொதல்லேர்ந்து மிதிக்கணும்" என்றார். அக்கா "சரிங்கண்ணா" என்றார். ஐயப்பன், "பாத்துக்கறோம், நீங்க வேலையப் பாருங்க" என்றார். கலியன் மறுபடி மிதிக்கத் தொடங்கினார். மிரட்டவில்லை.

மறுநாள் ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் சைக்கிளில் எல்லோருக்கும் முன்னால் போனேன். ஏழாவது குச்சி அந்தப் பாத்தியை ஒட்டிய உள்வரப்பில் இருந்தது. அந்த வரப்பு ஒரு அடி அகலம்தான். ஓடி வருகிறவர் கட்டாயம் பாத்திக்குள் கால் வைப்பார் என்று தோன்றியது. குச்சியைப் பிடுங்கி, இடப்பக்கம் வாய்க்கால் வரப்பில் நட்டேன். கலியன் அப்போது வரவில்லை. யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை.

வாய்க்கால் வரப்பு அகலமானது. ஆனால் மழைக்குப் பிறகு அதில், உப்பு மண்ணில் முளைக்கும் உமரிச் செடி இருக்கும் இடத்தில்தான் நடக்க வேண்டும். வெறுமையாக, வெள்ளை பூத்துக் காய்ந்ததுபோல் இருக்கும் இடத்தில் அடியில் சேறு இருக்கும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இதை யாரும் சொல்லாமலே பார்த்து நடப்போம். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நினைவு வரவில்லை. குச்சியை மாற்றியதையும் சொல்லவில்லை. அக்கா கேலி செய்வார் என்று சொல்லாமல் இருந்தேன்.

அதன் பிறகு ஆறே முக்காலுக்கு ஓட்டம் தொடங்கியது. அதற்குள் கலியனும் பாஞ்சாலையும் வேலைக்கு வந்துவிட்டார்கள். மணிகண்டன் முதலில் வந்தார். ஏழாவது குச்சியைப் பார்த்து இடப்பக்கம் திரும்பி, காய்ந்த தரை என்று நினைத்து அந்த வெள்ளை இடத்தில் கால் வைத்தார். வரப்பு சரிந்தது. வாய்க்காலில் விழுந்து, மதகுக் கல்லில் வலது கால் மோதியது. எலும்பு முறிந்த சத்தம் பத்தடி தள்ளி நின்ற எனக்குக் கேட்டது.

பாத்தியின் மறுகோடியில் இருந்த கலியன், வரப்பைச் சுற்றி வராமல், மிதித்து வைத்திருந்த பாத்தியின் நடுவிலேயே குறுக்காக ஓடி வந்தார். வாய்க்காலில் இறங்கி மணிகண்டனை முதுகில் தூக்கிக்கொண்டு, திரும்பவும் அதே பாத்தி வழியாகத்தான் கார் நின்ற ரோட்டுக்குப் போனார். அவர் செருப்பு பாத்தியின் மறுகோடியிலேயே கிடந்தது.

ஐயப்பன் கொடுத்த புகாரில், கலியன் கோபத்தில் குச்சியை மாற்றி நட்டதாகவும், பாத்தியிலிருந்து குச்சி இருந்த இடம் வரை அவர் காலடிகள் இருப்பதே சாட்சி என்றும் எழுதியிருப்பதாக அறிகிறேன். புகாருடன் அவர் கொடுத்த காலடிப் போட்டோவை எனக்கும் காட்டினார்கள். அந்தக் காலடிகள் ஓடி வந்த காலடிகள். முன்பாதம் மட்டும் ஆழமாகப் பதிந்திருக்கிறது. திரும்பிப் போகும் காலடிகள் முழுப் பாதமும் இறங்கியிருக்கின்றன, இரண்டு ஆள் பாரத்தால்.

நேற்று மாலை ஆறு மணிக்குக் கலியனைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனதாக அறிந்ததும் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அவர், "நீ சும்மா இரு. படிக்கிற பொண்ணு, உம்பேர எழுதிட்டா என்னாவும்? அவர ரெண்டு நாள்ல வுட்டுருவாங்க" என்றார். அதன் பிறகு அம்மாவிடம் சொன்னேன். அம்மாவும் அதையேதான் சொன்னார், ஆனால் சாப்பிடவில்லை. நானும் தூங்கவில்லை. இன்று பள்ளியில் இரண்டு பாடவேளை மேசையில் தலை வைத்துப் படுத்திருந்தேன். மாலையில் நூலகத்துக்கு வந்து, நூலகர் சூர்யகலா அவர்களின் போனிலிருந்து காவல் நிலையத்துக்கு நானே பேசினேன். அதன் பிறகு உதவி ஆய்வாளர் நூலகத்துக்கு வந்து அம்மாவையும் வரவழைத்தார்.

"எதுக்கும்மா அப்பவே சொல்லல?" என்று உதவி ஆய்வாளர் கேட்டார். பயந்தேன் என்று சொன்னேன். வேறு காரணம் இல்லை.

மேலே உள்ளவை அனைத்தும் நானாகவே எழுதியவை. திரும்பப் படித்துப் பார்த்தேன். யாரும் சொல்லிக் கொடுத்து எழுதவில்லை. இதில் பொய் ஒன்றும் இல்லை.

(ஒப்பம்) த. இலக்கியா

கையொப்பத்துக்குப் பின், உதவி ஆய்வாளர் அனுமதியுடன் சேர்ப்பது: அவர் இதைப் படித்துவிட்டு நிலையத்துக்குப் போன் செய்து, "அந்தக் கலியன அனுப்பிடுங்க. நான் வந்து எழுதிக்கறேன்" என்றார். செய்தி கேள்விப்பட்டு வந்த பாஞ்சாலை, புருஷனுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். நான் அவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர், "அழாத. பாத்தி பூரா குழியாக் கெடக்குது, மொதல்லேர்ந்து மிதிக்கணும். காலையில அஞ்சு மணிக்கு வந்துடு, ஷூ இல்லாம" என்றார். வருகிறேன் என்றேன். அம்மா தடுக்கவில்லை. மணி ஆறு ஆனதால் நூலகத்தைப் பூட்ட வேண்டியிருந்தது. கடைசி இரண்டு வரியை வாசற்படியில் நின்று எழுதினேன். உள்ளே விளக்குகள் அணைக்கப்பட்டன.